பாவாடை நாடாவுக்கு அடியில் ஒரு கருப்புப் பொருக்கு: அணைக்கட்டுப் பக்கம் ஓர் உண்ணிக் காய்ச்சல்

பூச்சியியல் கள ஆய்வில் இருப்பவர்களுக்கு நோயாளியைப் பார்க்கும் வாய்ப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை. "இந்த ஊரில் ஒரு கேஸ், போய்ப் பாருங்கள்" என்று தகவல் வரும்போது காய்ச்சல் இறங்கியிருக்கும், இல்லை ஆளே போயிருப்பார். இந்த முறை அப்படி ஆகவில்லை. அந்த அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே பார்த்துப் பேச முடிந்தது. அப்புறம் அவரே எங்களைத் தன் கொல்லைக்குக் கூட்டிப் போனார். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

வயது 42. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலையின் வடக்கு அடிவாரத்தை ஒட்டிய ஊர். இரண்டு கறவை மாடு, ஒன்றரை ஏக்கர் கொல்லை. மழை கைகொடுத்தால் மல்லாட்டை போடுவார்கள். காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு, கூழை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், வரப்போரம் புல்லறுத்துக்கொண்டு பொழுது சாயத் திரும்புவார். வீட்டுக்கு வந்ததும் பால் கறக்க வேண்டும், சோறு ஆக்க வேண்டும். குளிப்பது மறுநாள் காலையில்தான். இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன், பிறகு தேவைப்படும்.

காய்ச்சல் வந்த கதை

நவம்பர் கடைசி. மழை நின்று பத்து நாள் ஆகியிருந்தது. முதல் நாள் நடுக்கமும் கண்ணுக்குப் பின்னால் இடிக்கிற மாதிரி தலைவலியும். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். மூன்றாம் நாள் பக்கத்து ஊர் கிளினிக்கில் ஓர் ஊசி, "வைரல் ஜுரம்" என்ற பதில். ஐந்தாம் நாள் ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் 92,000. டெங்குவுக்கான என்எஸ்1 பரிசோதனையில் ஒன்றுமில்லை. ஆனாலும் தட்டணு குறைந்திருந்ததால் டெங்கு என்றே வைத்துக்கொண்டார்கள். குளுக்கோஸ் ஏற்றி, செஃப்ட்ரையாக்சோன் ஊசியை மூன்று நாள் போட்டார்கள். காய்ச்சல் அசையவில்லை.

எட்டாம் நாள் காய்ச்சல் 103 டிகிரி. வறட்டு இருமல், மூச்சு வாங்கியது, கண் இரண்டும் சிவந்திருந்தன. மகனைப் பார்த்து "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டியா" என்று கேட்டவர், அவன் பதில் சொன்ன பிறகும் அதையே மறுபடி கேட்டிருக்கிறார். அதில்தான் பையனுக்குப் பயம் வந்தது. வேலூருக்கு ஆட்டோ பிடித்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ரத்தத்தில் ஆக்சிஜன் 87 சதவீதம், தட்டணுக்கள் 54,000. கல்லீரல் நொதிகள் இயல்பைப் போல நான்கு மடங்கு. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் வெண் திட்டுகள். இந்த வேலூர்ச் சீமையில், மழைக்குப் பிறகு வரும் குளிர் மாதங்களில், ஒரு வாரத்தைத் தாண்டிய காய்ச்சலோடு இப்படி ஒருவர் வந்தால் அனுபவமுள்ள மருத்துவர்கள் முதலில் ஒன்றைத் தேடுவார்கள்: உடம்பில் எங்காவது கருப்புப் பொருக்கு இருக்கிறதா?

தேடினார்கள். கை, கால், கழுத்து, காதுக்குப் பின்புறம் எங்கும் இல்லை.

கண்டது இரவுப் பணியில் இருந்த செவிலியர். வியர்வையில் நனைந்த துணியை மாற்றும்போது, இடுப்பில் பாவாடை நாடா இறுக்கி இறுக்கிக் கருத்துப்போன வளையத்தின் மேலேயே, புளியங்கொட்டையில் பாதி அளவுக்கு ஒரு பொருக்கு. நடுவில் கருப்பு, ஓரத்தில் லேசான சிவப்பு, சிகரெட்டால் சுட்ட மாதிரி. தொட்டால் வலியில்லை, அரிப்பில்லை. அந்தப் பக்கத்துத் தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. "இது எப்போ வந்தது?" என்று கேட்டதற்கு, "நாடா அறுத்தது சிஸ்டர், அது எப்பவும் இருக்கும்" என்றாராம்.

மருத்துவர்கள் எஸ்கார் என்று சொல்வது, நோயைக் கடத்தும் உயிரி கடித்த இடத்தில் வரும் இந்தப் பொருக்கைத்தான். நோயின் பெயர் ஸ்க்ரப் டைபஸ், நம் பத்திரிகைகள் எழுதும் பெயரில் உண்ணிக் காய்ச்சல். ரத்த முடிவுக்குக் காத்திருக்காமல் அன்று இரவே டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டும் நரம்பு வழியாக ஏறின. மறுநாள் ஐஜிஎம் எலைசா பரிசோதனை நோயை உறுதி செய்தது. ஒன்றரை நாளில் காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் நாள் ஆக்சிஜனை எடுத்தார்கள். ஏழு நாள் மருந்து முடித்து வீட்டுக்குப் போனார்.

இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்ற அறிவு பழையது கிடையாது. அது பிறந்ததில் வேலூருக்கு நேரடிப் பங்கு உண்டு. சிஎம்சியின் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவில் 7 மையங்களில் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. தீவிர ஸ்க்ரப் டைபஸ் கண்ட 794 பேர். இறப்பு, ஏழாம் நாளிலும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளிலும் இறங்காத காய்ச்சல் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, டாக்சிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் 47 சதவீதம், அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48 சதவீதம், இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 33 சதவீதம் பேர் இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு ஆளானார்கள். இறப்பில் மட்டும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தாமதமாக வந்து சேர்கிறவரை எந்த மருந்துக் கலவையும் முழுசாகக் காப்பாற்றிவிடாது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஏன் எட்டு நாள் ஆனது

முதலில் பார்த்த கிளினிக்கை இங்கே நிறுத்திக் கேள்வி கேட்க எனக்கு மனமில்லை. தட்டணு குறைவதும் காய்ச்சலும் டெங்குவிலும் உண்டு. செஃப்ட்ரையாக்சோன் நல்ல மருந்துதான், டைபாய்டுக்கு. ஆனால் ஸ்க்ரப் டைபஸை உண்டாக்கும் ஓரியென்ஷியா சுட்சுகமுஷி என்ற பாக்டீரியா நம் செல்லுக்குள்ளே புகுந்து வாழ்வது. பென்சிலின், செஃப்ட்ரையாக்சோன் வகை மருந்துகள் அதை ஒன்றும் செய்வதில்லை. அது ரத்தக் குழாயின் உள்சுவரைத் தாக்குகிறது. சுவர் கசிந்தால் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை என்று ஒவ்வொன்றாகத் தடுமாறும். அந்த மூன்று நாள் ஊசியின்போது உள்ளே அதுதான் நடந்துகொண்டிருந்தது. டாக்சிசைக்ளின் மாத்திரையோ சில ரூபாய்தான்.

எனக்கு உறுத்துவது வேறு. எட்டு நாளில் மூன்று முறை அவரை யாரோ பரிசோதித்திருக்கிறார்கள். மூன்று முறையும் புடவை மேலேயே ஸ்டெதஸ்கோப் வைத்தாயிற்று. ஆண் மருத்துவர், திரை இல்லாத அறை, வெளியே வரிசை. அந்த அம்மா வாய் திறக்கமாட்டார், மருத்துவரும் கேட்கமாட்டார். இந்தப் பொருக்கு வரும் இடங்களோ அக்குள், மார்புக்குக் கீழ், இடுப்பு, தொடை இடுக்கு என்று துணி மறைக்கும் இடங்களாகவே பெரும்பாலும் இருக்கின்றன. காரணமும் எளிது. கடிக்கிற உயிரி காலில் ஏறி மேலே போகும், துணி இறுகும் இடத்தில் தடைபட்டு அங்கேயே வாய் வைக்கும். ஆக, பாவாடை நாடா அதை நிறுத்திய வேலியும் ஆனது, அதன் தடயத்தை மறைத்த திரையும் ஆனது. ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் என்றால் ஒரு பெண் செவிலியர் திரைக்குப் பின்னால் முழு உடம்பையும் ஒருமுறை பார்க்க வேண்டும். இதற்குக் கருவி தேவையில்லை. பொருக்கு எல்லோருக்கும் வராது, இல்லை என்பதற்காக இந்த நோயே இல்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. ஆனால் இருக்கும்போது அதைவிட வேகமான பரிசோதனை வேறில்லை.

பெயர் செய்த குழப்பம்

நாங்கள் அந்த வீட்டுக்குப் போனபோது மாடுகள் இரண்டும் மருந்து வாசனையோடு நின்றன. "உண்ணிக் காய்ச்சல்னு சொன்னாங்க மேடம், அதான் டாக்டர்கிட்ட மருந்து வாங்கியாந்து மாட்டுக்கு அடிச்சிட்டோம்" என்றான் மகன். அவன் மேல் தப்பில்லை. உண்ணி என்றால் நமக்கு மாட்டுக் காதில், மடியில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடித்துக் கொட்டைமுத்து மாதிரி உப்பியிருப்பதுதான். கர்நாடகத்தில் 1957இல் முதலில் கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டுக் காய்ச்சலுக்கு உண்ணிதான் காரணம். ஆனால் இது அதுவல்ல.

இந்த நோயைக் கடத்துவது மைட் என்னும் மிகச் சின்ன உயிரி. பூச்சி இனமும் இல்லை, சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவுக்காரன். வளர்ந்த மைட்டுக்கு எட்டுக் கால். அது மண்ணுக்குள்ளே சின்னப் பூச்சிகளின் முட்டைகளைத் தின்று வாழும், மனிதனைத் திரும்பிப் பார்க்காது. அதன் குஞ்சுப் பருவம், சிகர் என்று நாங்கள் சொல்லும் ஆறுகால் லார்வா, கிட்டத்தட்ட 0.2 மில்லிமீட்டர்தான். அதுதான் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ஓர் எலியையோ மூஞ்சூறையோ மனிதனையோ தேடி ஏறும். ரத்தம் குடிப்பதில்லை. உமிழ்நீரால் தோலைக் கரைத்து அந்த நீரை உறிஞ்சும். சில நாள் இருந்துவிட்டு மண்ணில் விழுந்துவிடும்.

ஒரே முறை உண்கிற உயிரிக்கு நோய்க்கிருமி எங்கிருந்து வரும்? முந்தின எலியிடமிருந்து வர வழியே இல்லையே. தாயிடமிருந்து வருகிறது. கிருமி தாய் மைட்டின் முட்டை வழியாகவே பிள்ளைக்குப் போகிறது, தலைமுறை தலைமுறையாக. எலி இந்தக் கதையில் முக்கியமாக லார்வாவுக்குச் சோறு, அதை இடம் விட்டு இடம் சுமக்கும் வண்டி. கிருமியின் நிரந்தர வீடு மைட்டும் அது கிடக்கும் மண்ணும்தான்.

அதனால்தான் இந்த நோய் திட்டுத் திட்டாக இருக்கிறது. மைட் தீவு என்பார்கள். சில சதுர மீட்டர் அளவுக்கு ஓர் இடம், அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கும். பத்தடி தள்ளினால் ஒன்றுமில்லை. ஒரே வீட்டில் ஒருத்திக்கு வந்து மற்றவர்களுக்கு வராமல் போவதன் ரகசியம் பெரும்பாலும் இங்கேதான். இரண்டாம் உலகப் போரில் பர்மா, அசாம் எல்லையில் இருந்த படைகளுக்கு இது பெரிய தொல்லையாக இருந்தது. கூடாரம் அடித்த இடத்தைப் பொறுத்து ஒரு பிரிவு படுத்துவிடும், பக்கத்துப் பிரிவு நன்றாக இருக்கும்.

கொல்லையில்

40 பொறிகள் கொண்டுபோனோம். ஷெர்மன் பொறி, தகரத்தில் மடக்குப் பெட்டி மாதிரி இருக்கும். உள்ளே தேங்காய்ச் சில்லும் கருவாடும். 15 பொறிகளை வீட்டைச் சுற்றி, வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகை, விறகு அடுக்கு ஓரமாக வைத்தோம். 25 கொல்லை வரப்புகளில். இரண்டு இரவு. விடியுமுன் போய் எடுக்க வேண்டும், வெயில் ஏறினால் உள்ளே இருக்கும் விலங்கு செத்துவிடும், லார்வாக்கள் இறங்கி ஓடிவிடும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது. எலிக் காய்ச்சல் என்று வேறொன்றும் இருக்கிறது.

விழுந்தவை 9. ஆறு மூஞ்சூறு, இரண்டு வெள்ளெலி, ஒரு பெருச்சாளி. மூஞ்சூறைப் பெட்டியில் பார்த்ததும் அந்த அம்மாவின் மாமியாருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. "பிள்ளையாரு வாகனம் கண்ணு, அதை ஏன் புடிக்கிறீங்க" என்றார். அவர் கேட்டது நியாயமாகவே பட்டது. மூஞ்சூறு எலி இனமே இல்லை, பூச்சி தின்னும் பிராணி, பயிருக்கு அதனால் நஷ்டமில்லை. ஆனால் தமிழ்நாட்டுப் பக்கம் சிகர் லார்வாக்களை அதிகம் சுமப்பவற்றில் அதற்கு முக்கிய இடம் உண்டு. "உங்க மருமகளுக்கு எங்க கடிச்சதுன்னு இதுதான் ஆயா சொல்லணும்" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "சரி, பாத்துட்டு வேற யாருக்கும் வராம பண்ணுங்க" என்றார்.

லார்வா இருக்கும் இடம் காது. உள்மடலில் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில் பொடி அப்பினது போல் கூட்டமாக ஒட்டியிருக்கும். அதை எடுத்து ஆல்கஹாலில் போட்டு, பிறகு ஆய்வகத்தில் கண்ணாடி வில்லையில் பதித்து, முதுகுத் தகட்டின் வடிவத்தையும் அதில் மயிர்கள் அமைந்த விதத்தையும் வைத்து இனம் சொல்ல வேண்டும். இந்தியாவில் முதன்மையாகப் பேசப்படும் கடத்தி லெப்டோட்ராம்பிடியம் டெலியன்ஸ். எங்கள் வில்லைகளிலும் அதுவே அதிகம்.

மொத்தம் 112 லார்வா. ஒன்பது விலங்குக்கு வகுத்தால் ஒன்றுக்குச் சராசரி 12க்கு மேல். இதைச் சிகர் குறியீடு என்போம். 0.69ஐத் தாண்டினாலே அபாயம் என்பது நம் நாட்டில் புழங்கும் அளவுகோல். அறிக்கையில் 12 என்று எழுதினால் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் அந்தச் சராசரி இங்கே எதையும் காட்டுவதில்லை. 112இல் 104, வெறும் மூன்று மூஞ்சூறுகளின் காதிலிருந்து வந்தவை. மூன்றும் கொல்லையின் வடகிழக்கு மூலையில், பக்கத்துப் பக்கத்துப் பொறிகளில் விழுந்தவை. வீட்டைச் சுற்றி விழுந்த நான்கு விலங்குகளிடம் ஒன்றுகூட இல்லை. எல்லோரும் சந்தேகப்பட்ட வைக்கோல் போரும் மாட்டுக் கொட்டகையும் சுத்தம்.

அந்த மூலையில் என்ன இருக்கிறது? பொறிகளை எடுக்கும்போது விடியாத இருட்டில் எங்களுக்குத் தெரியவில்லை. அந்த அம்மாவிடமே கேட்டோம். இன்னும் தளர்ச்சி போகாத நடையோடு வந்து காட்டினார். ஒரு புங்கமரம். அதன் கீழே உதிர்ந்த இலை மக்கி ஈரம் காயாமல் கிடக்கிறது. பின்னால் உண்ணிச்செடிப் புதர், அதற்குள் வளைகள். (அந்தச் செடிக்கும் இந்த நோய்க்கும் பெயர்ப் பொருத்தத்தைத் தவிர உறவில்லை. புதர் எலிக்கு மறைவு தருகிறது, அவ்வளவுதான்.) "இங்கதான் மேடம், மத்தியானம் உக்காந்து கூழு குடிச்சிட்டு அப்டியே செத்த நேரம் சாய்வேன். நெழல் இருக்கிற எடம் இது ஒண்ணுதான்."

கருப்புத் தட்டுகளை அந்த இலைக் குப்பையின் மேல் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் தட்டின் விளிம்பில் தூசு நகர்வது போல் நகரத் தொடங்கியது. லென்ஸை அவர் கையில் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். "இதா?" என்று மட்டும் கேட்டார். பத்தடி தள்ளி, வெயில் விழும் வரப்பில் வைத்த தட்டுகளில் ஒன்றும் ஏறவில்லை.

கடிபட்டு 6 முதல் 21 நாளுக்குள், பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நாளில் காய்ச்சல் வரும். கணக்கைப் பின்னோக்கிப் போட்டால் மழைவிட்டு அவர் மறுபடி புல்லறுக்கப் போகத் தொடங்கிய நாட்கள். உடம்பில் ஏறிய லார்வா உடனே கடித்துவிடாது, இடம் தேடி அலையும். வேலையிலிருந்து வந்த கையோடு குளித்துத் தேய்த்து, துணியை மாற்றித் துவைக்கப் போட்டிருந்தால் பல உதிர்ந்திருக்கும். அவருக்கு அந்த நேரம் பால் கறக்கும் நேரம். "சாயங்காலம் குளியுங்கள்" என்று துண்டுப் பிரசுரத்தில் அச்சடிப்பது சுலபம். அந்த வீட்டில் அது நடக்க வேண்டுமானால் யாரோ ஒருவர் மாட்டைக் கவனித்துக்கொள்ள வேண்டும். மகன் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான்.

புதரை வெட்டி, இலைக் குப்பையை வாரி எரித்தார்கள். வெயில் உள்ளே விழுந்து மண் காய்ந்தாலே மைட்டுக்குக் கஷ்டம். எலி மருந்து வைக்கட்டுமா என்று கேட்டார்கள். முதலில் புதர், பிறகுதான் எலி என்றேன். பசியோடு இருக்கும் லார்வாவிடமிருந்து எலியை மட்டும் எடுத்துவிட்டால் அடுத்து அங்கே உட்காரும் ஆள்தான் அதற்கு இரை. வேறு நிழலில், யூரியா சாக்கு விரித்து உட்காரும்படியும், துணியைப் புதர் மேல் காயப்போட வேண்டாம் என்றும் சொன்னோம்.

இந்த மண்ணுக்கு இப்படித் தேடுவது புதிதல்ல

1955இல், இது வட ஆற்காடு மாவட்டமாக இருந்த காலத்தில், இங்கிருந்தும் பக்கத்துச் சித்தூர்ப் பக்கமிருந்தும் மூளைக் காய்ச்சலோடு குழந்தைகள் வேலூருக்கு வந்தார்கள். ஜப்பானிய மூளைக் காய்ச்சல் இந்தியாவில் மனிதர்களிடம் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது அப்போதுதான். வெப், பெரைரா என்ற இரு மருத்துவர்கள் வட ஆற்காட்டுக் குழந்தைகளைப் பற்றி 1956இல் எழுதியதன் தலைப்பே, கணுக்காலி உயிரிகள் கடத்தும் வகை மூளைக் காய்ச்சல் என்று சொல்கிறது. படுக்கையில் கிடந்த குழந்தையைப் பார்த்தவர்கள் கழனியில் பறக்கும் கொசுவையும் நினைத்தார்கள். நெல் வயலில் பெருகும் கியூலெக்ஸ், கொக்கு, நாரை, பன்றி என்று அந்தச் சங்கிலி ஒவ்வொரு கண்ணியாகத் தெரியவந்தது அந்த நினைப்பால்தான். புதுச்சேரியில் 1975இல் நோய்க்கடத்தி ஆய்வு மையமும், மதுரையில் 1985இல் மருத்துவப் பூச்சியியல் மையமும் வந்தன. ஆனாலும் இன்றைக்கு ஒரு வட்டத்துக்கு ஒருவர்கூட எலிக் காதைப் பார்க்கத் தெரிந்தவராக இல்லை. பொறி வைத்து, வில்லை பதித்து, இனம் சொல்லும் வேலையைக் கற்றுக்கொள்ள இளைஞர்கள் வர வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை. கண் பழகச் சில மாதங்கள் போதும்.

ஜனவரியில்

மறுபடி அந்த வீட்டுக்குப் போனபோது அந்த அம்மாவின் இடுப்பில் பொருக்கு உதிர்ந்து வெளுத்த தழும்பு மட்டும் இருந்ததாகச் சொன்னார். சாக்கு விரித்துத்தான் உட்காருகிறாராம். ஒருமுறை வந்துவிட்டால் மறுபடி வராதா என்று கேட்டார். வரலாம், கிருமியில் பல வகை உண்டு, கிடைக்கும் எதிர்ப்பு நெடுநாள் நிற்காது என்றேன்.

அப்புறம் ஒரு விஷயம் சொன்னார். பொங்கலுக்கு முந்தின வாரம் எதிர்வீட்டுப் பையனுக்கு, பதினோரு வயது, காய்ச்சல். மூன்றாம் நாள் இவரே போய் அவனை வெளிச்சத்தில் நிறுத்தி, சட்டையைக் கழற்றி, முடியை விலக்கிப் பார்த்திருக்கிறார். இடது காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கருப்புப் புள்ளி. அன்றைக்கே வேலூருக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். மூச்சுத் திணறலோ வேறு சிக்கலோ வருமுன் மருந்து தொடங்கியாயிற்று, இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது.

அந்தப் பையன் கொல்லைக்கெல்லாம் போகிறவன் இல்லை. பள்ளிக்கூடம் விட்டால் ஏரிக்கரையில் கிரிக்கெட். பந்து அடிக்கடி எங்கே போய் விழும் என்று கேட்டேன். கரைக்குக் கீழே இருக்கும் ஒரு புதரைக் கை நீட்டிக் காட்டினான். அடுத்த வாரம் பொறிகளை அங்கே கொண்டுபோனோம்.